பெயிண்டின் முதுகு

"மூணு தரம் பூசிட்டேன். மூணு தரமும் உரிஞ்சு விழுந்துட்டு. உங்க பெயிண்ட் பேரை மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

சவரிமுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னார்.

மேலே, கடல் ரயில் பாலத்தின் முதல் தூணில், கயிற்றில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து, பேச்சித்தாய் ஒரு விரல் அகலத் தூரிகையால் இரும்பின் விளிம்புக்கு மட்டும் பெயிண்ட் தீட்டிக்கொண்டிருந்தாள். தூரிகையை நிறுத்தவில்லை.

அந்தப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. வயது முப்பத்தாறு. கீழே நின்றவருக்கு ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருடம் பெயிண்ட் வாளியோடு போனது. தன்னைவிடப் பதினாறு வயது இளையவளிடம் வந்து கைகட்டி நிற்பது அவருக்குச் சுலபமாக இல்லை. வேறு வழி இருந்தால் வந்திருக்க மாட்டார்.

வேறு வழி இல்லை.

அவர் ஊர் சிப்பிமுனை. மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடற்கழி. கழியின் மேல் ஒரு இரும்பு நடைபாலம், எட்டுக் கால்களோடு. பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில்தான்.

ஐப்பசியில் ஒரு இன்ஜினியர் வந்தார். சுத்தியலால் பாலத்தின் காலைத் தட்டினார். பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது. உள்ளே இரும்பு, ஊறிப்போன பிஸ்கட்டாக இருந்தது.

"தை கடைசியில திரும்ப வருவேன். அப்பவும் இப்படித்தான் இருக்கும்னா பாலத்தை மூடிருவோம்" என்றார் அவர்.

மூடினால் சுற்றிப் போக வேண்டும். பத்தொன்பது கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. படிப்பை நிறுத்துவதென்றால் எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். சவரிமுத்துவின் மகள் ஜெரோனிமா பத்தாவது படிக்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே முதல். பாலம் வருவதற்கு முந்தின காலத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஓடம் பாதி நாள் தரைதட்டி நின்றதால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். மகளுக்கும் அதுதான் நடக்கப் போகிறது.

அதுவும் தன் கையால். அந்தப் பாலத்துக்கு மூன்று தரமும் பெயிண்ட் பூசியவர் அவர்தானே.

பேச்சித்தாய் இறங்கி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உரிஞ்சதைக் கொண்டு வந்திருக்கீயளா அண்ணாச்சி?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவர் பூசிய பச்சைப் பெயிண்ட், துண்டு துண்டாக.

அவள் ஒன்றை எடுத்தாள். பச்சைப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினாள். இரும்போடு ஒட்டியிருந்த பக்கம், துரு படிந்து சிவந்திருந்தது. அதை நாக்கு நுனியில் வைத்தாள்.

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்களும் வச்சுப் பாருங்க."

இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு என்று நினைத்தார். ஆனாலும் வைத்தார்.

"என்ன ருசி?"

"துரு ருசி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒண்ணும் தெரியல."

அவள் துண்டைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தாள்.

"ஏழு நாள் இங்ஙன இருங்க."

"எனக்கு நேரம் இல்லம்மா. பெயிண்ட் பேரு..."

அவள் பக்கத்திலிருந்த டின்னைக் காலால் நகர்த்தி, எழுத்து தெரியும்படி திருப்பினாள்.

அதே கம்பெனி. அதே அடிப்பூச்சு. அவர் கடன் சொல்லி வாங்கிய அதே டின்.

அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன் உங்களுக்கு மட்டும் நிக்குது?"

பேச்சித்தாய் சுரண்டியை எடுத்தாள். தூணில், மார்பளவு உயரத்தில், ஒரு நகத்தளவு இடத்தைச் சுரண்டினாள். மேலே வெள்ளிச் சாம்பல். அதற்குக் கீழே செங்கல் நிறம். அதற்கும் கீழே மங்கிய ஈய நிறத்தில் ஒரு படலம். அதையும் மெல்ல விலக்கினாள்.

இரும்பு தெரிந்தது.

சவரிமுத்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

துரு இல்லை. ஒரு புள்ளி இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், பட்டறையை விட்டு அன்றைக்குத்தான் வந்த மாதிரி இருந்தது இரும்பு.

"அடியில இருக்கிற இந்தப் பூச்சு எப்ப அடிச்சது?"

"நான் பொறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி. மேல மேல நாங்க புதுசா அடிப்போம். அடியில இருக்கிறதை யாரும் தொட்டதில்ல."

"யாரு அடிச்சது?"

"பேரு தெரியாது."

காலுக்குக் கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடமாக, ராத்திரி பகல் ஓயாமல், அதே அலை அதே தூணை அடித்துக்கொண்டிருந்தது. புயல்கள் வந்து போயிருக்கின்றன. எத்தனை ரயில்கள் மேலே ஓடியிருக்கும். இத்தனைக்கும் நடுவே, காகிதக் கனம்கூட இல்லாத ஒரு தோலுக்குப் பின்னால், இந்த இரும்பு இருந்திருக்கிறது.

"கடல் இதை இன்னும் பார்க்கவே இல்ல அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய்.

அவருக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் போலிருந்தது. முப்பது வருடம் பெயிண்ட் அடித்தவர் அவர். பெயிண்ட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

அவள் அதற்குள் ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, அந்த நகத்தளவு இடத்தை மூடத் தொடங்கியிருந்தாள்.

"ஏழு நாள் இருக்கேன்" என்றார் சவரிமுத்து.

*

முதல் நாள் அவருக்குக் கிடைத்தது ஒரு வாளியும் ஒரு துணியும்.

"கழுவுங்க."

கழுவினார். சுரண்டி வைத்திருந்த இரும்பை மேலிருந்து கீழே கழுவினார். பேச்சித்தாய் வந்தாள், இரும்பை நாக்கால் தொட்டாள்.

"இன்னும்."

மறுபடி கழுவினார். மறுபடி வந்தாள்.

"இன்னும்."

மத்தியானம் கஞ்சி வந்தது. ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் கோணியது.

"உப்பு மறந்துட்டீயளா?"

"எனக்கும் இல்ல. உங்களுக்கும் இல்ல. கழுவு வேலை முடியுற வரைக்கும் ருசி பாக்கிற ஆளு உப்பு தொடக் கூடாது. இங்க அதான் வழக்கம்."

"நானா ருசி பாக்கிறேன்? நீங்கல்லா பாக்கீய."

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

உப்பளத்தில் பிறந்தவர் அவர். அவர் ஊரில் மாங்காய்க்கு உப்பு, மோருக்கு உப்பு, காலையில் பல் விளக்கவும் உப்பு. அப்பேர்ப்பட்டவருக்கு உப்பில்லாக் கஞ்சி. தொண்டையில் இறங்க மறுத்தது. ஊறுகாய் கேட்டார். இல்லை. ஒரு துண்டு கருவாடு கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, நான் என்ன பாத்திரம் கழுவவா வந்தேன்? எனக்கும் கழுவத் தெரியும். எங்க பாலத்தை மூணு தரமும் கழுவிட்டுத்தான் அடிச்சேன். சும்மா இல்ல, நூறு குடம். எம் பொண்டாட்டி சுமந்தா, நான் ஊத்தினேன். ஒரு இண்டு விடல."

"சரி."

"மூணாம் தரம் ரெட்டைக் கனமா வேற அடிச்சேன்."

"நல்லாத்தான் பொத்தி வச்சிருக்கீய" என்றாள் அவள். எதைப் பொத்தி வைத்தார் என்று சொல்லவில்லை.

அவர் வாளியை விட்டெறிந்துவிட்டுக் கிளம்பினார். ஆனால் போகும் வழியில் அந்த முதல் தூண் நின்றது. நகத்தளவு இடத்தில் புதுப் பூச்சு மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கஞ்சியில் ஒரு இனிப்பு தெரிந்தது. வெல்லம் போட்டீர்களா என்று கேட்டார். யாரும் போடவில்லை. அரிசியே அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இத்தனை வருடம் தின்ற அரிசி இனிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலையில் பேச்சித்தாய் அந்தக் காகிதப் பொட்டலத்தைக் கேட்டாள். ஒரு துண்டை எடுத்துத் திருப்பி அவர் கையில் வைத்தாள்.

"இப்ப பாருங்க."

நாக்கில் வைத்தார்.

சட்டென்று எடுத்துவிட்டார். சுருக்கென்று ஊசியாகக் குத்தியது.

"உப்பு."

"ம்."

"கடல்ல நிக்கிற பாலம்லா. உப்பு இல்லாம என்ன இருக்கும்?"

"பெயிண்டுக்கு வெளிப்பக்கம் கடல் அண்ணாச்சி. இது உள்பக்கம்."

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பெயிண்டா இருந்தாலும் தண்ணி துளித்துளியா இறங்கத்தான் செய்யும்" என்றாள் அவள். "உள்ள உப்பு இல்லைன்னா வந்த தண்ணி பேசாம போயிரும். உப்பு இருந்தா அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடும். கொப்புளம் கட்டும். அதுக்குள்ள இரும்பு அழுவும்."

"உள்ள எப்படிம்மா வரும்? நான்தான் கழுவினேனே."

பேச்சித்தாய் கயிற்றுப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயிட்டு வாங்க அண்ணாச்சி. வழியில எதுவும் வாங்கிச் சாப்பிடாதீய."

கூட்டத்து ஆட்கள் அவளை மேலே இழுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் உபதேசம்.

*

வெயிலில் பஸ் பிடித்து, மிச்ச தூரம் நடந்து, நடைபாலத்தைக் கடந்து அவர் வீடு வந்து சேர்ந்தபோது நாக்கு வறண்டு ஒட்டியிருந்தது. நடக்கும்போது பாலத்தின் கால்களைப் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை.

இன்னாசியம்மா கணவனின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

சிப்பிமுனைக் கிணற்றுத் தண்ணீர். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெரிய பெருமை. சுற்றுவட்டாரத்தில் எங்கே கிணறு தோண்டினாலும் வாயில் வைக்க முடியாது, எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணி என்பார்கள். வெளியூர் மாப்பிள்ளைகள் முதல் மடக்கில் முழிப்பார்கள். பழகிவிடும் என்று ஊர் சிரிக்கும். பழகியும்விடும்.

சவரிமுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

வாய் நிறையத் தண்ணீரோடு அப்படியே நின்றார்.

பிறகு முற்றத்தில் துப்பினார்.

"என்னங்க, தண்ணில ஏதும் விழுந்து கிடக்கா?"

அவர் இன்னொரு மடக்கு ஊற்றினார். அதையும் துப்பினார்.

இன்னாசியம்மா செம்பை வாங்கித் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கு. நம்ம தண்ணிதான். காலையில நானே இறைச்சது." அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதே தண்ணியத்தான பாலம் கழுவ உங்களுக்குச் சுமந்தேன். ஒரு தரமா, ரெண்டு தரமா? மூணு தரம், நூறு நூறு குடம். இடுப்பு விட்டுப்போச்சு. அப்பல்லாம் இனிச்சுதாக்கும்?"

சவரிமுத்து அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடல் இல்லை. உப்பளக் காற்று இல்லை. பெயிண்ட் கம்பெனி இல்லை. கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, காய வைத்து, மேலே இரட்டைக் கனமாகப் பூசி, உப்பை உள்ளே வைத்துப் பத்திரப்படுத்தியது அவர்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"நூறு குடம்" என்றார் அவர். சொல்லும்போது சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

சாயங்காலம் ஜெரோனிமா பாலத்தைத் தாண்டி வந்தாள். அவள் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"பள்ளிக்கூடத்துல குழாய் இருக்காம்மா?"

"இருக்குப்பா. ஆத்துத் தண்ணி."

"எப்படி இருக்கும்?"

அவள் மூக்கைச் சுளித்தாள். "சப்புனு இருக்கும். நம்ம ஊரு பிள்ளைக யாரும் குடிக்க மாட்டோம். காலையிலயே வீட்டுத் தண்ணி கொண்டு போயிருவோம்."

"வரும்போது பாட்டில் காலியா?"

"காலிதான்."

"மொத்தம் எத்தனை பிள்ளைக?"

கணக்கில் முதலாக வருகிறவள் அல்லவா. அப்பா கேட்டது என்ன, கேட்காமல் விட்டது என்ன என்று அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"அறுபத்திரண்டு" என்றாள்.

*

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட மணி அடித்ததும் சிப்பிமுனைப் பிள்ளைகள் குழாயடியில் வரிசை நின்றார்கள். தலைமையாசிரியை முதலில் முறைத்தார். விஷயம் தெரிந்ததும் தானே குழாயைத் திருகிவிட வந்து நின்றார்.

ஒரு காலுக்கு மூன்று நாள் தண்ணீர் ஆனது. சவரிமுத்து முதல் இரண்டு நாளும் பழைய பெயிண்டையும் துருவையும் சுரண்டுவார், வந்த தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பார். மூன்றாம் நாள் கழுவுவார். நாக்கை வைப்பார். வீட்டில் அவருக்கு இன்னும் உப்பில்லாக் கஞ்சிதான். குடிக்கவும் பள்ளிக்கூடத்துப் பாட்டில் தண்ணீர்தான், அதுவும் ஒரே ஒரு பாட்டில். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. பாலத்தை நக்குகிறான் பாரு என்றது.

முதல் கால் கழுவி முடித்த நாள் அவருக்கு மறக்காது.

முன்பெல்லாம் சுரண்டிய இரும்பு ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும். கடற்கரையில் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். அன்று ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. இரும்பு காய்ந்து, சாம்பலும் நீலமுமாக, அப்படியே இருந்தது. கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, பூசத் தோன்றாமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் இரும்புக்கு இப்படி ஒரு நிறம் உண்டு என்று எவனும் பார்த்ததில்லை. தொடக்கூடக் கை வரவில்லை. கை வேர்வையும் உப்புதான் என்று அப்போதுதான் உறைத்தது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, விளிம்புகளிலிருந்து பூச ஆரம்பித்தார்.

*

தை கடைசியில் இன்ஜினியர் வந்தார். கையில் சுத்தியலும் ஒரு பையும், கக்கத்தில் ஒரு கோப்பும் இருந்தன. பாலத்தை மூடும் ஆணை அந்தக் கோப்பில் தயாராகவே இருந்தது. தேதி மட்டும் எழுத வேண்டும்.

ஆறு கால்கள் பூசி முடிந்திருந்தன. ஏழாவது அன்று கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. எட்டாவது பழைய கோலத்தில், சிவந்து பொங்கி, எல்லாரும் பார்க்க நின்றது.

"அதை ஏன் இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?" என்று இன்ஜினியர் கேட்டார். "நான் வர்றது தெரியும்ல. மேலோட்டமா ஒரு கோட்டிங் அடிச்சிருக்கலாமே."

"அடிச்சிருக்கலாம் சார்" என்றார் சவரிமுத்து. எட்டாவது காலைக் காட்டினார். "இன்னும் கழுவல."

இன்ஜினியர் பூசிய கால்களைக் கத்தியால் கீறினார், ஒட்டுத்தாளை அழுத்தி இழுத்தார். தாளில் ஒன்றும் வரவில்லை. ஆறு காலிலும் வரவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, ஏழாவது காலின் வெற்று இரும்பில் வைத்தார். இரும்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்லும் கருவி அது.

எண்ணைப் பார்த்தார். கருவியைத் தட்டினார். வேறு இடத்தில் வைத்தார். மறுபடி வேறு இடத்தில்.

உப்பளத்தைத் திரும்பிப் பார்த்தார். கழியைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். இருபது வருட வேலையில், கடலோரத்தில், அவ்வளவு குறைந்த எண்ணை அவர் பார்த்ததில்லை.

"என்னத்த வச்சுக் கழுவினீங்க?"

சவரிமுத்து வாய் திறப்பதற்குள் பாலத்தின் மேல் தடதடவென்று சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. அறுபத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்து, எட்டாவது காலின் பக்கத்தில் இருந்த தொட்டியில், ஒவ்வொருவராகப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள்கூட இத்தனை கவனமாக ஊற்றுவதில்லை.

இன்ஜினியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோப்பைத் திறந்து, அந்த ஆணையை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோப்பில் வேறு ஒரு தாளில், பாலம் நல்ல நிலையில் உள்ளது, எட்டாவது காலின் வேலை நடக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெயில் அவரை வாட்டியிருந்தது. தாகம் எடுத்தது. கடைசியாக நின்றவள் ஜெரோனிமா. அவள் பாட்டிலில் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது.

"பாப்பா, ஒரு வாய் தாயேன்" என்று கையை நீட்டினார்.

ஜெரோனிமா பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெரியவரிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லை அவளுக்கு.

"எங்க வீட்டுக்கு வாங்க சார், கிணத்துத் தண்ணி தாரேன்" என்றாள். "இது பாலத்துக்கு."